ஒன்பதாம் தொட்டி பதில் சொல்லவில்லை

முதலில் என் கையெழுத்துக்கும் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு பேனா பிடித்ததெல்லாம் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடவும், ஒயரின் முனையில் மாட்டுகிற சின்ன வளையத்தில் எண் எழுதவும்தான். எண்கள் நன்றாக வரும். எழுத்துகள்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். எங்கே பெரிய ற, எங்கே சின்ன ர என்பதில் எனக்கு இன்றும் நிச்சயம் இல்லை. இதைத் திருத்திப் படி எடுக்கிறவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பேசுவதைவிட எழுதுவது சுலபம் என்று இந்த வயதில்தான் தெரிகிறது. எதிரே யாரும் நின்று முகத்தைப் பார்ப்பதில்லை.

வீடு விழுப்புரத்தில். காலையில் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி, மயிலத்துக்குப் பிரிகிற இடத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ கிடைத்தால் அதில், இல்லாவிட்டால் நடந்து போவேன். வேலை ஒரு நெல் மில்லில். எலக்ட்ரீசியன் என்று சொல்கிறார்கள். அதற்காகப் படித்தவன் இல்லை. மோட்டார் காயில் கட்டுகிற கடையில் பல வருடம் இருந்தேன். அங்கிருந்து பேனல் ஒயரிங் வேலைக்குப் போனேன். பேனலோடு பேனலாக இந்த மில்லுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டேன்.

எங்களுடையது புழுங்கல் அரிசி மில். நெல்லை முதலில் பெரிய தொட்டிகளில் வெந்நீர் விட்டு ஊற வைத்து, நீராவி விட்டு அவித்து, காய வைத்து, பிறகு அரைக்க வேண்டும். ஊறுகிற நேரம் முழுக்கத் தண்ணீரின் சூடு ஒரே அளவில் நிற்க வேண்டும். சூடு இறங்கினால் நெல் புளித்துவிடும். அந்த அரிசியைச் சோறாக்கினால் நாற்றம் தெருவுக்கே தெரியும். சரி, நாற்றம் வேண்டாம் என்று பாதி ஊறலில் எடுத்து அவித்தால், அரிசியின் நடுவில் வெள்ளை நின்று, அரைக்கும்போது நொய்யாகப் போகும். இரண்டுக்கும் நடுவில் போக வேண்டிய வேலை.

முன்பெல்லாம் பாய்லர்காரர் தண்ணீரில் கை விட்டுப் பார்த்து, வால்வைத் திருகி நீராவி விடுவார். சில வருடங்களுக்கு முன் எல்லாவற்றையும் மாற்றினார்கள். இப்போதுள்ள வால்வுகள் காற்றழுத்தத்தில் திறப்பவை. திருகுவதற்குக் கைப்பிடி கிடையாது. தொட்டிக்கு ஒரு சின்ன கன்ட்ரோலர், உள்ளங்கை அளவுப் பெட்டி, தண்ணீரின் சூட்டைப் பார்த்துக்கொண்டே இருக்கும். எல்லாப் பெட்டிகளையும் கோத்துக்கொண்டு ஒரே கேபிள் மெயின் பேனலுக்குப் போகிறது. அங்கே இருப்பதை பி.எல்.சி. என்கிறோம். மொத்த வேலையையும் ஓட்டுகிற பெரிய கன்ட்ரோலர் அது. இந்தக் கேபிளை இழுத்துக் கட்டியவன் நான். உள்ளே இருப்பது இரண்டே கம்பி.

அந்த இரண்டு கம்பியில் அவை பேசிக்கொள்ளும் விதம் எனக்குப் பிடிக்கும். பி.எல்.சி. ஒவ்வொரு பெட்டியையும் அதன் எண்ணைச் சொல்லிக் கூப்பிடும். தன் எண்ணைக் கேட்ட பெட்டி மட்டும் பதில் சொல்லும். மற்றவை பேசாமல் இருக்கும். கூப்பிடாமல் எதுவும் வாயைத் திறக்காது.

ஆனால் பேச்சு நடக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் சிலது ஒத்துப்போக வேண்டும். பேசுகிற வேகம் ஒன்றாக இருக்க வேண்டும். அதை பாட் ரேட் என்பார்கள். எங்கள் மில்லில் ஒன்பதாயிரத்து அறுநூறு. அனுப்புகிற ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் ‘சரியாக வந்ததா’ என்று பார்க்க ஓர் அடையாளம் சேர்க்கலாம், சேர்க்காமலும் விடலாம். அது பேரிட்டி. எங்களுடையதில் சேர்க்கவில்லை. துண்டு முடிந்தது என்று காட்டுவது ஸ்டாப் பிட். கடைசியாக, பெட்டியின் சொந்த எண். ஸ்டேஷன் நம்பர் என்று பெயர். இதில் எது மாறினாலும் கம்பி நன்றாக இருக்கும், கரன்ட் இருக்கும், பெட்டி எரியும், பேச்சு மட்டும் இருக்காது.

இந்த செட்டிங்குகளைப் பெட்டியின் முன்னால் உள்ள நான்கு பட்டனை அழுத்தி மாற்றலாம். அதில் தெரிகிற இங்கிலீஷ் எழுத்துகள் சிவப்புக் குச்சிகளை அடுக்கியது போல இருக்கும். புத்தகத்தில் உள்ள இங்கிலீஷ் எனக்கு வராது. குச்சி இங்கிலீஷ் வரும். ஒவ்வொரு வார்த்தையையும் ஒரு படமாக வைத்திருக்கிறேன். இந்தப் படம் வந்தால் வேகம், அந்தப் படம் வந்தால் எண் என்று.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

போன மாசி மாதம். தொட்டிகளைக் காலி செய்து கழுவுகிற வேலை நடந்துகொண்டிருந்தது. அன்று கூலிக்கு அரைக்க வெளி நெல் என்று வந்தது ஒரே ஒரு குட்டியானை, சின்ன லோடு வண்டிதான். திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து அம்மா ஒருவர் கொண்டுவந்திருந்தார். நாற்பதைத் தாண்டியவர். சொந்த நிலத்தில் பயிர் வைக்கிற குடும்பம். வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர், மூட்டை இறங்கும்போது ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு அனுப்பினார்.

எங்கள் பாய்லர்காரர் யாரிடமும் பேசுவார். அவர்தான் ஆரம்பித்தார்.

“இன்னாக்கா, அங்கேயே நெல்லாப் போட்டுட்டுப் போகாம, இம்மாந்தூரம் தூக்கிக்கினு வந்திருக்கிறீங்க?”

“நெல்லாப் போட்டா புரோக்கர் சொல்றதுதான் வெல. நான் அரிசியாவே போடப்போறேன்.”

“யாருக்கு?”

“மயிலத்துல ஒரு காலேஜ் ஹாஸ்டல். நானே போய்ப் பேசினேன். மொத லோடு குடுங்க, ஆக்கிப் பாக்கிறோம், நல்லா இருந்தா வருஷம் பூரா உங்ககிட்டயே எடுத்துக்கறோம்னு சொல்லியிருக்கிறாங்க. நாளைக்கு சாயங்காலம் இறக்கணும்.”

“நல்லா இல்லன்னா?”

“நல்லா இல்லன்னா அதோட முடிஞ்சிது. ரெண்டாவது வாட்டி உள்ள உடமாட்டாங்க. எங்க வூட்டுக்காரரோட அண்ணன், மச்சாண்டாரு, இப்பவே சொல்லிக்கினு இருக்கிறாரு, பொம்பளைக்கு இன்னாத்துக்கு அரிசி யாவாரம்னு. அடுத்த போகத்துக்கு நெலத்த அவரு பாத்துக்கறாராம். நான் வூட்ல உக்காந்து டிவி பாக்கணுமாம்.”

“டிவி பாக்கறது நல்லதுதானேக்கா.”

“உன் பொண்டாட்டிய பாக்கச் சொல்லு.”

பாய்லர்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் ஒயர் வெட்டுவது போல உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவருடைய நெல்லை ஒன்பதாம் தொட்டியில் போட்டார்கள். வெந்நீர் ஏறியது. ஊறல் பாதி தாண்டியிருக்கும், ஒரு பல்லி வந்து காரியத்தைக் கெடுத்தது. பேனல் பெட்டிக்குள் பல்லி புகுவது சாதாரணம். உள்ளே கதகதப்பாக இருக்கும், பூச்சியும் கிடைக்கும். இந்தப் பல்லி ஒன்பதாம் தொட்டியின் பெட்டிக்குள் புகுந்து, இரண்டு முனையை ஒன்றாகத் தொட்டுவிட்டது. டப்பென்று ஒரு சத்தம். கருகிய நாற்றம். நான் போய்த் திறந்தபோது பல்லியும் கன்ட்ரோலரும் போய்விட்டிருந்தன.

மெயின் பேனலின் திரையில் ஒன்பதாம் தொட்டி சிவப்பாகியிருந்தது. மற்றவை பச்சை. ஏதாவது ஒரு தொட்டி பதில் சொல்லாவிட்டால் பி.எல்.சி. எந்த வால்வையும் திறக்காது. யார் மேலாவது நீராவி பட்டுவிடக் கூடாது என்பதற்காக அப்படி எழுதியிருந்தார்கள். அது சரியான ஏற்பாடுதான். ஆனால் அந்த நேரத்தில் நெல் தண்ணீருக்குள் இருந்தது. தண்ணீர் ஆற ஆரம்பித்திருந்தது.

பாய்லர்காரர் பெரிய ஸ்பானரோடு வந்தார்.

“வால்வு தலையில ஒரு தட்டு தட்டினா தொறந்துக்கும்பா.”

“வேணாம்,” என்றேன். “தொறந்தா மறுபடி மூடாது.”

அவர் ஸ்பானரைக் கீழே வைத்தார். ஆனால் பக்கத்திலேயே வைத்தார்.

ஸ்டோரில் ஒரு புதுப் பெட்டி இருந்தது. அதை எடுத்து மாட்டி, கம்பிகளைப் பழையபடி இணைத்தேன். வேகத்தை ஒன்பதாயிரத்து அறுநூறு ஆக்கினேன். ஸ்டேஷன் நம்பரை ஒன்பது ஆக்கினேன். பெட்டி தண்ணீரின் சூட்டைச் சரியாகக் காட்டியது. மெயின் பேனலில் சிவப்பு மாறவில்லை.

பேனல் செய்துகொடுத்த கம்பெனியின் இன்ஜினியருக்குப் போன் செய்தேன். போனில் பேசுவது எனக்கு எப்போதும் கஷ்டம். எதிரே இருப்பவர் எப்போது முடிக்கிறார் என்று தெரியாது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி, இரண்டு பேரும் நிறுத்தி, மறுபடியும் ஒரே நேரத்தில் ஆரம்பிப்போம். இந்த இன்ஜினியர் சின்ன வயது, பொறுமையானவர். எங்கள் மில்லுக்கு அவர் வந்ததில்லை. முதலில் வந்து எல்லாவற்றையும் செட் செய்தவர் வேறொருவர், அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

“அண்ணா, பேரிட்டி பாத்தீங்களா? புதுப் பெட்டில கம்பெனிலேர்ந்தே ஈவன்னு வெச்சு அனுப்புவாங்க. உங்களுதுல நன், அதாவது பேரிட்டியே இல்ல.”

பார்த்தேன். அவர் சொன்னபடிதான் இருந்தது. மாற்றினேன்.

“மாத்திட்டேன் சார்.”

“இப்ப ஒரு தடவை சப்ளைய ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. மாத்தினதெல்லாம் அப்பதான் எடுத்துக்கும்.”

செய்தேன். நடந்து போய் மெயின் பேனலைப் பார்த்தேன். ஒன்பது சிவப்பு. இப்போது பத்தும் சிவப்பு. ஒன்பது மாறவே இல்லை. பத்து மட்டும் ஒரு முறை பச்சையாகி, மறுபடி சிவப்பாகி நின்றது.

நன்றாக இருந்த பத்தாம் தொட்டி ஏன் போனது என்று எனக்கு விளங்கவில்லை. இன்ஜினியருக்கும் விளங்கவில்லை. பக்கத்துப் பெட்டிக்குப் போகிற கம்பி தளர்ந்திருக்கும் என்றார். பிடித்து இழுத்துப் பார்த்தேன், இறுக்கமாக இருந்தது. இரண்டு கம்பியும் இடம் மாறியிருக்கும் என்றார். மாற்றிப் போட்டேன். பத்து பச்சையாகிவிட்டது, ஒன்பது சிவப்பாகவே நின்றது. மறுபடி பழையபடி போட்டேன். பத்து சிவப்பானது. தலைகீழாக இருக்கும்போது ஒன்று நன்றாக இருக்கிறது, நேராகப் போட்டால் இரண்டும் கெடுகிறது. இப்படியொன்றை நான் பார்த்ததில்லை.

இதற்குள் அந்த அம்மா வந்துவிட்டார். கையில் அவித்த மல்லாட்டைப் பொட்டலம், வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்.

“இன்னாண்ணே, பொட்டிகிட்ட ரொம்ப நேரமா ரகசியம் பேசிக்கினு இருக்கிறீங்க. இன்னா சொல்லுது?”

நான் பதில் சொல்லவில்லை. பாய்லர்காரர் சொன்னார்.

“பேச மாட்டேங்குதாம்.”

“இவரு மாதிரியா?”

“அதான்க்கா. ரெண்டும் ஒரே ஜாடை.”

அவர் எனக்குக் கொஞ்சம் மல்லாட்டை கொடுத்தார். கை முழுக்க கிரீஸ் என்று தலையாட்டினேன். பேனலின் மேல் ஒரு காகிதத்தில் வைத்துவிட்டுப் போனார். போகும்போது குரல் மாறியிருந்தது.

“தண்ணி ஆறிக்கினு வருதாண்ணே?”

“வருதுங்க.”

“எவ்ளோ நேரம் தாங்கும்?”

“சாப்பாட்டு நேரத்துக்குள்ள சரியாச்சின்னா பரவால்லைங்க.”

“ஆகலைன்னா?”

ஆகலைன்னா நாற்றம் வரும் என்பது அவருக்கே தெரியும். அவர் நின்று பார்த்துவிட்டு, தொட்டிகளுக்குப் பின்பக்கம் மேலே ஏறுகிற இரும்புப் படி இருக்கும் திசையில் போனார்.

நான் இன்ஜினியரை மறுபடி கூப்பிட்டேன். கை இரண்டும் வேண்டும் என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேனலுக்குள் வைத்தேன். அவர் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தார்.

“வேகம்?”

“ஒம்போதாயிரத்து அறுநூறு சார்.”

“பேரிட்டி நன். ஸ்டாப் பிட் ஒண்ணா?”

“ஒண்ணு சார்.”

“ஸ்டேஷன் நம்பர்?”

“ஒம்போது.”

“தொட்டி ஒம்போதுதானே?”

“ஒம்போதுதான் சார். எழுதியிருக்குது.”

“எல்லாமே சரியா இருக்கே அண்ணா. பெட்டியே கோளாறோ என்னமோ. வேற பெட்டி இருக்கா?”

வேறு பெட்டி இல்லை. சென்னையிலிருந்து வர வேண்டும் என்றால் மறுநாள். போனை அணைக்காமலே கம்பிகளை மறுபடி பார்த்தேன்.

அப்போது மேலே பாய்லர்காரர் சிரிக்கிற சத்தம் கேட்டது. தொட்டிகளின் மேல்தளத்தில் அந்த அம்மா குனிந்து நின்றுகொண்டிருந்தார். இடுப்பில் செருகியிருந்த குங்குமப் பொட்டலத்தைப் பிரித்து, தொட்டியின் விளிம்பில் மூன்று பொட்டு வைத்திருந்தார்.

“யக்கா, அது உங்க தொட்டி இல்ல. அது பத்து. காலித் தொட்டிக்குப் பொட்டு வெச்சிட்டீங்க.”

“இன்னா விளையாடுறியா? இதான் ஒம்போது. அந்தக் கோடிலேர்ந்து எண்ணிக்கினு வர்றேன்.”

“நீங்க எண்ணினா? கீழ வந்து பெயின்ட்ல எழுதின நம்பர பாருங்க.”

“பெயின்ட்ட இன்னாத்துக்குப் பாக்கணும்? எனக்கு எண்ணத் தெரியாதா? ஒண்ணு, ரெண்டு, மூணு…” விரலால் ஒவ்வொரு தொட்டியாகச் சுட்டி எண்ணினார். “எட்டு, ஒம்போது. இது ஒம்போதுதான். என் நெல்லு இதுல இல்லாம எதுல இருக்குது? மூடியத் தொற, நான் பாக்கணும்.” குரலில் பயம் தெரிந்தது. மற்றவர் நெல்லோடு கலந்துவிட்டார்களோ என்று நினைத்துவிட்டார்.

“கலக்கலக்கா, உங்க நெல்லு பக்கத்துலதான் இருக்குது. எங்க மில்லுல எட்டு கெடையாது. ஏழு முடிஞ்சா ஒம்போது.”

“எட்டு எங்க போச்சி?”

“மொதலாளி வூட்ல எட்டு ஆவாது.”

பேனலுக்குள்ளிருந்து இன்ஜினியரின் குரல் வந்தது.

“அண்ணா, அங்க யாரு பேசறாங்க? எட்டு இல்லைன்னு சொன்னாங்களா?”

“ஆமா சார். தொட்டில எட்டு போடறதில்ல.”

“மொத்தம் எத்தனை தொட்டி?”

“பத்து சார்.”

“கடைசித் தொட்டில என்ன எழுதியிருக்கு?”

“பதினொண்ணு.”

அவர் மெதுவாக ஒரு மூச்சு விட்டது கேட்டது.

எட்டு என்ற எண் எங்கள் மில்லில் எங்கேயும் கிடையாது. முதலாளியின் அப்பா மில்லை ஆரம்பித்த காலத்திலிருந்தே அப்படித்தான். லாரிக்கு டோக்கன் கொடுக்கும்போதும் ஏழுக்குப் பிறகு ஒன்பது. கோணிக் குவியலுக்குப் போடுகிற எண்ணிலும் எட்டு வராது. வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு நாள் சிரிப்பார்கள். பிறகு அவர்களுக்கும் பழகிவிடும். எனக்கும் பழகியிருந்தது. ஏழுக்குப் பக்கத்தில் ஒன்பதைப் பார்த்தால் நடுவில் ஏதோ விட்டுப்போனதாக எனக்குத் தோன்றுவதே இல்லை. அன்று இன்ஜினியர் ஒவ்வொன்றாகக் கேட்டாரே, அதை ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், சொல்வதற்கு ஒன்று இருக்கிறது என்பதே எனக்குத் தெரியாது.

“அண்ணா, பத்தாம் தொட்டிப் பெட்டியோட மெனுவுக்குப் போங்க. ஸ்டேஷன் நம்பர் என்ன காட்டுதுன்னு பாருங்க.”

போய்ப் பட்டனை அழுத்தினேன். அந்தப் படம் வந்தது. அதன் கீழே ஒன்பது.

“ஒம்போது காட்டுது சார்.”

“அதான். முதல்ல செட் பண்ணவரு வரிசையா ஒண்ணுலேந்து பத்து வரைக்கும் குடுத்திருக்காரு. திரைல பேரு மட்டும்தான் பெயின்ட்டப் பாத்துப் போட்டிருக்காரு. உங்க ஒம்போதாம் தொட்டி மெஷினுக்கு எட்டு. இப்ப ஒம்போதுன்னு கூப்பிட்டா ரெண்டு பேரும் சேந்து பதில் சொல்றாங்க, ஒண்ணும் புரியாம போகுது. எட்டுன்னு கூப்பிட்டா ஒருத்தரும் இல்ல. கம்பிய மாத்திப் போட்டப்ப புதுப் பெட்டிக்குக் காது கேக்கல, அதனால பத்து மட்டும் நல்லா பேசிச்சு.”

மறுபடி ஒன்பதாம் தொட்டிக்கு வந்தேன். ஸ்டேஷன் நம்பரை எட்டு ஆக்கினேன். அந்த மில்லில் அதுவரை என் கையால் எட்டு என்று எங்கேயும் போட்டதில்லை. சப்ளையை அணைத்துப் போட்டேன். மெயின் பேனலுக்கு நடந்து போவதற்குள் நீராவி இரைகிற சத்தம் கேட்டுவிட்டது. திரையில் எல்லாம் பச்சை.

இன்ஜினியர், “அந்த அம்மாவுக்கு நான் தேங்க்ஸ் சொன்னேன்னு சொல்லுங்க அண்ணா,” என்றார். நான் சொல்லவில்லை. பாய்லர்காரர் சொன்னார்.

“இன்னாத்துக்கு தேங்க்ஸு?”

“நீங்க தப்பா எண்ணினதுக்கு.”

“நான் எங்கடா தப்பா எண்ணினேன்? நான்தான் சரியா எண்ணினேன். உங்க மில்லுதான் தப்பா எண்ணுது.”

அவர் சொன்னது சரி. பிறகு அவர் காலித் தொட்டியில் வைத்த பொட்டை முந்தானையால் துடைத்துவிட்டு, பக்கத்துத் தொட்டியில் வைத்தார்.

மதியத்துக்கு மேல் முதலாளி வந்தார். நடந்ததைப் பாய்லர்காரர் அவருக்குச் சொன்னார். முதலாளி என்னைக் கூப்பிட்டார். நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன்.

“உள்ள எட்டு இருக்குதா?”

“ஆமாங்க.”

“எத்தினி நாளா?”

“பேனல் வெச்சதுலேந்துங்க.”

அவர் கொஞ்ச நேரம் தொட்டிகளைப் பார்த்தார். பேனல் வைத்ததிலிருந்து நடந்த நல்லது கெட்டதையெல்லாம் மனசுக்குள் கணக்குப் போடுகிறார் என்று நினைக்கிறேன். பேனல் வைத்த பிறகுதான் பெரிய பெண்ணுக்குக் கல்யாணம் நடந்தது. கீழே விழுந்து அவருக்குக் கால் உடைந்ததும் அதற்குப் பிறகுதான்.

“வெளில தெரியாது இல்ல?”

“தெரியாதுங்க. பட்டன அழுத்தினாதான் தெரியும்.”

“அப்ப அழுத்தாத.”

அத்தோடு போய்விட்டார். இன்ஜினியர் பிறகு ஒரு நாள் எல்லா எண்ணையும் பெயின்ட்டுக்குத் தகுந்தபடி மாற்றித் தரட்டுமா என்று கேட்டார். முதலாளியிடம் கேட்க வேண்டும் என்றேன். நான் கேட்கவும் இல்லை, அவர் மறுபடி சொல்லவும் இல்லை.

அந்த அம்மாவின் நெல் அவிந்து, டிரையரில் காய்ந்து, மறுநாள் மதியம் அரைந்து வந்தது. நிறம் எப்போதும் வருவதைவிடக் கொஞ்சம் மங்கலாக இருந்தது. நொய் அதிகம் இல்லை. அவர் ஒரு பிடி அரிசியை எடுத்துக்கொண்டு பாய்லர் அறைக்குப் போய், ஒரு எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து ஆக்கினார். வெந்ததும் மூடியைத் திறந்து முகர்ந்தார். பாய்லர்காரரிடம் நீட்டினார்.

“ஒண்ணும் இல்லக்கா. சூப்பர் அரிசி.”

“நீ சும்மா சொல்லுவ.” பாத்திரத்தை என் பக்கம் திருப்பினார். “நீங்க சொல்லுங்கண்ணே.”

முகர்ந்தேன். ஆவி அடங்குகிறவரை இருந்து மறுபடி முகர்ந்தேன்.

“கொஞ்சம் இருக்குதுங்க.”

“எவ்ளோ?”

“சூட்டுல தெரியல. ஆறினா தெரியுது.”

பாய்லர்காரர் என்னை முறைத்தார். அந்த அம்மா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது.

பிறகு அவர் எழுந்து, சோற்றை மூடி போட்டுத் துணியில் கட்டினார்.

“மூட்டையெல்லாம் ஏத்துங்க. ஆனா நான் மொதல்ல இதக் காட்டிட்டுத்தான் இறக்கப்போறேன். அவங்களா ஆக்கிப் பாத்து மூக்க சுளிக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். நல்லா அவிஞ்ச அரிசிதான், ஊறல்ல மிஷினு பேஜாரு பண்ணிச்சின்னு.”

“சொன்னா எடுத்துக்க மாட்டாங்கக்கா,” என்றார் பாய்லர்காரர்.

“சொல்லாம குடுத்தா மறுபடி எடுத்துக்க மாட்டாங்க.”

குட்டியானை மயிலம் பக்கம் போனது. நான் அன்றும் வழக்கம்போல விழுப்புரம் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் அந்தச் சோறு நினைவாகவே இருந்தது. வீட்டில் சாப்பிடும்போது சோற்றை முகர்ந்து பார்த்தேன். என் மனைவி, “இன்னாத்த மோந்து பாத்துக்கினு இருக்கிற, நேத்து வாங்கின அரிசிதான்,” என்றாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ஒன்றும் தெரியவில்லை. பாய்லர்காரரிடமும் அந்த அம்மாவின் போன் நம்பர் இல்லை. கேட்டு வைக்கவில்லை. ஹாஸ்டலில் திருப்பி அனுப்பியிருப்பார்கள், அதனால்தான் சத்தமே இல்லை என்று பாய்லர்காரர் இரண்டு மூன்று முறை சொன்னார். சொல்லும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சொன்னார்.

பங்குனி கடைசியில் ஒரு காலை நான் போகும்போது அதே வண்டி மில் வாசலில் நின்றது. அந்த அம்மா எடை போடுகிற இடத்தில் நின்று, மூட்டைகளைத் தொட்டுத் தொட்டு அனுப்பிக்கொண்டிருந்தார். பாய்லர்காரர் முன்னாலேயே போய்க் கேட்டுவிட்டிருந்தார். அந்த அம்மா மறுபடி எனக்காகவும் ஒரு முறை சொன்னார்.

“சமையல் மாஸ்டர் மோந்து பாத்தாரு. வெறுஞ்சோத்துக்கு ஆவாதும்மா, ஆனா பசங்களுக்கு எலுமிச்ச சாதம், புளி சாதம் போடற நாள்ல ஓட்டிடறேன்னாரு. சொல்லிட்டுக் குடுத்தியே, அதுக்காக இன்னொரு லோடு பாக்கிறேன்னாரு. ஒரே ஒரு லோடு. இதுவும் அப்படி வந்தா கதவ மூடிடுவேன்னு சொல்லிட்டாரு.”

“மச்சாண்டாரு இன்னா சொன்னாரு?” என்றார் பாய்லர்காரர்.

“இன்னும் சிரிக்கல. இந்த லோடுக்காக காத்துக்கினு இருக்கிறாரு.”

அன்று நான் தொட்டிகளின் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஓட்டைகளைச் சிலிக்கான் வைத்து அடைத்தேன். பிறகு மெயின் பேனலுக்கு முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஊறல் முடிந்து, நீராவி விட்டு, தண்ணீர் வடிகிறவரை எல்லாம் பச்சையாகவே இருந்தது. அந்த அம்மா நடுநடுவே வந்து எட்டிப் பார்த்தார்.

“பேசுதாண்ணே?”

“பேசுதுங்க.”

சாயங்காலம் வரை எங்களுக்குள் அவ்வளவுதான் பேச்சு.

மறுநாள் அரைந்து வந்த அரிசி நல்ல நிறமாக இருந்தது. இந்த முறை அவர் ஆக்கிப் பார்க்கவில்லை. ஒரு பிடி எடுத்து மென்று பார்த்துவிட்டு, கோணியைத் தைக்கச் சொன்னார்.

சித்திரையில் மூன்றாவது லோடு வந்தது. வைகாசியில் ஹாஸ்டலுக்கு லீவு. ஆனியில் மறுபடி வந்தது. மச்சாண்டார் என்ன ஆனார் என்று பாய்லர்காரர் ஒரு முறை கேட்டதற்கு, அவர் இப்போது அரிசி மூட்டையை வண்டியில் ஏற்றுகிறார் என்று அந்த அம்மா சொன்னார். அது நிஜமா, விளையாட்டா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவில்லை.

இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். மழை பிடித்துக்கொண்டு மில்லுக்குப் போக முடியாத நாளில் உட்கார்ந்து எழுதினேன்.

ஐப்பசி பதினான்கு, விழுப்புரம்.